சுண்டுவிரல் இடுக்கில் ஒரு ரூபாய்

உட்கார்ந்த இடத்தில் பழைய நோட்டும் காசும் சேர்ப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். நான் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே சேர்த்தவன். எண்பதுகளின் தொடக்கம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாக உடையார்பாளையம் போகும் பஸ்ஸில் கண்டக்டர். ராஜா தலை போட்ட காசு, ஜமீன் காலத்து முத்திரைத்தாள் என்று கைக்கு வந்ததையெல்லாம் ஒரு தகரப்பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். ஆனால் உயிர் முழுக்க ஒரு ரூபாய் நோட்டின் மேல்தான். மற்ற நோட்டுகளில் ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்துப் போடுவார். ஒரு ரூபாயில் மட்டும் டெல்லி நிதிச் செயலாளர். ஆள் மாறினால் கையெழுத்தும் மாறும். ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு நோட்டு என்று சேர்த்து வந்ததில், ஒரே ஒருவருடையது மட்டும் அகப்படவில்லை. ஆல்பத்தில் அவருக்கு ஒரு பக்கத்தைக் காலியாக விட்டிருந்தேன்.

"கட்டின பொண்டாட்டி மூஞ்சியப் பாக்க நேரமில்ல, எவனோ கையெழுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்பாள் என் மனைவி. நான் ஆல்பத்தை மூடிவிட்டுக் காலை நீட்டிப் படுப்பேன். கால் இரண்டும் அப்படிக் கடுக்கும்.

அந்த நோட்டு ஒரு நாள் மத்தியானம் வந்தது. வெற்றிலை வியாபாரி ஒருவர் டிக்கெட்டுக்கு நீட்டினார். பார்த்தால், நான் தேடிக்கொண்டிருந்த அதே கையெழுத்து. சட்டைப் பையில் வைக்க முடியாது. டூட்டியில் கண்டக்டரிடம் சொந்தக் காசு இருக்கக்கூடாது; செக்கர் ஏறித் தடவிப் பார்த்தால் வேலை போய்விடும். ராத்திரி ஆபீசில் பணம் கட்டும்போது என் ரூபாயை வைத்துவிட்டு இதை எடுத்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் பத்திரம் வேண்டும்.

நாங்கள் நோட்டை நீளவாக்கில் மடித்து விரல் இடுக்குகளில் செருகிக்கொள்வோம். ஒரு ரூபாய்க்கு ஒரு இடுக்கு, இரண்டுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று. சுண்டுவிரல் பக்கம் காலியாக இருக்கும். மடிப்பு விழுகிறதே என்று மனசு அடித்துக்கொண்டாலும் அங்கேதான் செருகினேன்.

சாயங்கால டிரிப்பில் மூச்சுவிட இடமில்லாத கூட்டம். யார் காலை மிதிக்கிறோம் என்பதே தெரியவில்லை. அரியலூரில் பாதி பஸ் இறங்கியது. கையைப் பார்த்தேன். சுண்டுவிரல் இடுக்கு காலி.

அட பாவி! எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு ரூபாய் நோட்டெல்லாம் தீர்ந்துபோன பிறகு ஒரே ஒரு ஆளுக்குத்தான் ஒரு ரூபாய் மீதி கொடுத்தேன், காலிக் கூடையோடு வந்த ஒரு அம்மாவுக்கு. என்னைக் கேட்காமலே கை எடுத்துக் கொடுத்திருக்கிறது.

கீழே குதித்து ஓடினேன். அந்த அம்மா டீக்கடை ஓரம் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"யம்மா, நான் குடுத்த ஒத்த ரூபா நோட்டக் குடுங்க. ரெண்டு ரூபாயா தரேன்."

ஏற இறங்கப் பார்த்தாள். "ஒண்ணுக்கு ரெண்டு தரியா? ஏம்ப்பா, அது செல்லாத நோட்டா?" என்று கேட்டுக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நோட்டை எடுத்து என் பக்கம் நீட்டியும் விட்டாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆனால் அந்த நோட்டைப் போய் செல்லாதது என்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"செல்லாத நோட்டா? யாரப் பாத்து என்ன பேசுறீங்க? அது ரொம்ப நல்ல நோட்டும்மா! இந்த மாதிரி நோட்டு லேசுல கெடைக்காது!"

நீட்டிய கை அப்படியே நின்றது.

"அவ்ளோ நல்ல நோட்டுன்னா நானே வச்சுக்கறேன்" என்று சொல்லி மறுபடியும் முடிந்துகொண்டாள்.

டிரைவர் ஹாரன் மேல் ஹாரன் அடித்தார். "அண்ணே, வரீங்களா, நான் போவட்டா?" நான் போய்ப் படியில் ஏறி விசில் கொடுத்தேன். ஆல்பத்தில் அந்தப் பக்கம் இன்றைக்கும் காலியாகத்தான் இருக்கிறது.