லோரி வந்துருச்சு

தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில், நாய்க்குத் தீனி வாங்க பிரிஞ்சாங் டவுனில் இருக்கும் செல்லப்பிராணிக் கடைக்குப் போயிருந்தேன். "லோரி வந்துருச்சு, ஓடியா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். விடியுமுன் எங்களை மலைக்கு ஏற்றிப்போகும் லோரியை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

"லோரி இல்லக்கா, கிளி," என்றாள் கடைக்காரப் பெண். "ஏதோ தோட்டத்து லயத்து வீட்டுல வளர்ந்தது. விடியறதுக்குள்ள கத்துதுன்னு வாங்குனவங்க எல்லாம் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை நின்றதிலிருந்து, எழுந்து என்ன செய்யப்போகிறோம் என்று மதியம்வரை படுத்தே கிடந்தேன்.

"எனக்குக் குடு லா," என்றேன்.

இப்போது தினமும் விடியலில் கிளி கூப்பிடுகிறது. வாசலில் லோரி நிற்காது என்று தெரியும். ஆனாலும் "இதோ வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே எழுந்துவிடுகிறேன்.