துரை மலையைச் சுற்றிய நாள்

1. ஐப்பசி மழையில் ஒரு போன்

ஏழுமலை போனில் அழுதபோது நான் அப்போதுதான் மாட்டாஸ்பத்திரிக்குள் நுழைந்திருந்தேன். நனைந்த ரெயின்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "இன்ஸ்பெக்டரம்மா, துரை படுத்துட்டான். தலையைத் தூக்க மாட்றான்" என்றார். வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்பினேன்.

கால்நடை ஆய்வாளராக நான் இருந்த காலத்தில் பாதி நாள் சினை ஊசி போடுவதிலேயே போய்விடும். கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் மாடு பருவத்துக்கு வந்தால் முதலில் என்னைக் கூப்பிடுவார்கள். என் ஊசிக்குச் சினை பிடிக்காத மாட்டை ஏழுமலை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். அங்கேதான் துரை இருந்தான். நாட்டு ரகப் பொலிகாளை, நல்ல மயிலை நிறம். அவன் பிறந்த அன்றே தாய் மாடு செத்துவிட்டதால், ஏழுமலையும் அவர் மனைவி சரோஜாவும் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தார்கள். "உங்க ஊசி தோத்த இடத்துலல்லாம் எங்க துரைதான் ஜெயிக்கிறான்" என்று ஏழுமலை என்னைச் சீண்டாத நாள் கிடையாது. "ஆமாய்யா, கவர்மெண்ட் வேலையை அவனுக்கே குடுத்துடலாம்" என்று நானும் திருப்பிக் கொடுப்பேன்.

அன்றைக்குச் சீண்டல் ஒன்றும் இல்லை. கொட்டகை ஒழுகி, துரை சேற்றில் கிடந்தான். தெர்மாமீட்டர் நூற்றைந்தைத் தாண்டியது. மூச்சு இரைத்தது. நுரையீரலில் சளி கட்டிவிட்டது. எங்கள் டாக்டருக்குப் போன் போட்டேன். சின்ன வயசுப் பையன், நல்ல கைராசி. அவர் சொன்ன மருந்தை ஏற்றிவிட்டு, வைக்கோலால் உடம்பைத் தேய்த்துவிட்டோம். துரைக்கு ஊசி என்றாலே பயம். ஏழுமலை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "பயப்படாதடா, நம்ம இன்ஸ்பெக்டரம்மா ஊசிதான். போட்டா எழுந்துடுவே" என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சொன்னபடியே எழுந்தான். ஒரு நாள் காலையில் நான் போனபோது நின்றுகொண்டு கடலைக்கொடி மென்றுகொண்டிருந்தான். சரோஜா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

2. பனிக்காலத்துக்குச் சொன்னவை

இளைய ஆய்வாளர்களுக்கு உதவும் என்பதால், ஏழுமலையிடம் அன்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தை முடியும்வரை காளை காய்ந்த தரையில் நிற்க வேண்டும். மண்ணைக் கொட்டித் தரையை உயர்த்தி, மேலே கடலைத் தோலைப் பரப்பினால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வாடைக் காற்று வரும் பக்கம் சாக்குப் படுதா. தீனியில் கொஞ்சம் பிண்ணாக்கு ஜாஸ்தி, கூடவே தாது உப்பு. கடும் காய்ச்சல் கண்ட காளையின் விந்து உடனே தேறாது. அதனால் இரண்டு மாதமாவது மாடு சேர்க்கக் கூடாது.

முக்கியமானது குளம்பு. "மழைல ஊறின குளம்பு, தண்ணில ஊறின சோப்பு மாதிரி. தேய்ச்சா கரைஞ்சிடும். தினம் கொஞ்ச நேரம் கொல்லை மண்ணுல நடத்து, அது போதும்" என்றேன்.

ஏழுமலை ஒன்று விடாமல் செய்தார். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் கொடுத்தால்கூட இப்படிச் செய்யாது. மாடு ஓட்டி வந்தவர்களையெல்லாம், "துரை லீவுல இருக்கான்" என்று திருப்பி அனுப்பினார். கார்த்திகைக்குள் துரையின் தோலில் பழைய மினுமினுப்பு வந்துவிட்டது.

ஒன்றை மட்டும் ஏழுமலை என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று எந்தப் பயிற்சியிலும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இல்லை.

3. செங்கம் ரோட்டில்

என் வீடு திருவண்ணாமலையில். தீபக் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு, ஒரு விடுமுறை நாள் காலையில் கிரிவலப் பாதையில் வரும் செங்கம் ரோட்டு டீக்கடையில் நின்றிருந்தேன். ராத்திரி மழை பெய்து தார் ரோடு பளபளவென்று கிடந்தது. எதிரில் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பார்த்தால் துரை! கொம்பில் மஞ்சள், கழுத்தில் சாமந்தி மாலை. ஒருபக்கம் ஏழுமலை, மறுபக்கம் சரோஜா. வெள்ளைக்காரர் ஒருவர் போட்டோ எடுக்கிறார். ஒரு அம்மா அகத்திக்கீரைக் கட்டை அவன் வாயில் கொடுத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.

டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

"யோவ் ஏழுமலை! என்னய்யா பண்றே?"

"வேண்டுதல், இன்ஸ்பெக்டரம்மா" என்று சிரித்தார். "அன்னிக்கு இவன் கெடந்த கெடையில, எழுந்து நின்னுட்டா உன் மலையைச் சுத்திக் கூட்டியாறேன்னு அண்ணாமலையாரை வேண்டிக்கினேன். டவுன் வரைக்கும் வேன்லதான் கொண்டாந்தோம்."

"மலை சுத்துற பதினாலு கிலோமீட்டரும் தார் ரோடுய்யா! குளம்பு என்னத்துக்காவும்?"

"நீங்கதானே தினம் நடத்தச் சொன்னீங்க?"

"கொல்லை மண்ணுலன்னு சொன்னேன்! வேன்லயே ஏத்தி ஒரு சுத்து சுத்திட்டுப் போ. சாமி கோச்சுக்காது."

"உக்காந்துக்கினு போனா அது வேண்டுதலாம்மா? நானும் செருப்பில்லாமதானே வரேன்" என்று தன் காலைக் காட்டினார். "பாதில நிறுத்தினா சாமி குத்தமாயிடும். உசுரைக் குடுத்தவரு அவரு."

டீக்கடைக்காரரிடம் சாக்கு வாங்கி நாலு காலிலும் கட்டிவிட்டேன். கொஞ்ச தூரத்திலேயே நைந்து விழுந்துவிட்டது. துரை மணியாட்டிக்கொண்டு போனான். மனுஷர் எத்தனை சந்தோஷமாக நடந்தார்! அந்த முகத்தைப் பார்த்து அதற்கு மேல் திட்ட என்னால் முடியவில்லை.

4. பின்னங்கால்

பொலிகாளைக்குப் பின்னங்கால்தான் எல்லாம். மாட்டின் மேல் ஏறும்போது மொத்த எடையும் அதில்தான் இறங்கும். ஒரு வாரத்தில் துரை வலது பின்னங்காலை ஊன்ற முடியாமல் தூக்கிவைத்தான். டாக்டர் குளம்பைக் கழுவிப் பார்த்தார். அடிப்பகுதி அட்டை மாதிரி தேய்ந்து, உள்ளே சீழ் வைத்திருந்தது. திறந்து சீழை எடுத்து, மருந்து வைத்துக் கட்டினோம். நான் தினமும் போனேன். அதற்குள் சீழ் மூட்டுக்குள் இறங்கிவிட்டது. எடையெல்லாம் விழுந்து இடது காலும் கெட்டது. மார்கழிப் பனியில் துரை மறுபடியும் படுத்தான். அதன்பின் எழவில்லை. எவ்வளவு புரட்டிப் படுக்கவைத்தும் இடுப்பில் புண் வந்தது.

அடிமாட்டு வியாபாரி ஒருவர் வந்து பார்த்தார். "வாசப்படி ஏறாதே" என்று சரோஜா விரட்டிவிட்டார். வலியில் துரை பல்லை நறநறவென்று கடிப்பான். கடைசியில் டாக்டர் ஏழுமலையைத் தனியே கூப்பிட்டு, "இனிமே அவனை வெச்சிருந்தா நாமதான் கொடுமைப்படுத்துறோம்" என்றார். ஏழுமலை தலையாட்டினார்.

டாக்டர் ஊசியை எடுத்ததும் துரை மிரண்டான். ஏழுமலை பழையபடி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். "பயப்படாதடா, நம்ம இன்ஸ்பெக்டரம்மா ஊசிதான்" என்றார். அடுத்ததைச் சொல்ல வாய் வரவில்லை. நான் வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதேன். எத்தனையோ மாட்டுச் சாவைப் பார்த்தவள்தான். அன்று தாங்கவில்லை.

கொல்லையிலேயே புதைத்தோம். மண் தள்ளி முடித்ததும் ஏழுமலை என்னிடம் வந்தார். அவர் காலில் கிரிவலத்தில் வந்த கொப்புளம் காய்ந்து தழும்பாகியிருந்தது.

"என் காலால சுத்தறேன்னு வேண்டிக்கினு இருக்கலாமேம்மா. அவன் காலை வெச்சு எதுக்கு வேண்டினேன்?"



அதன்பின் ஓய்வு பெறும்வரை, காய்ச்சல் மாட்டைப் பார்க்கப் போனால் தீனி எடுக்கிறதா, சாணி எப்படி என்று கேட்டதும், "ஏதாச்சும் வேண்டுதல் வெச்சிருக்கீங்களா?" என்றும் கேட்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் முழிப்பார்கள். இப்போது வேலைக்கு வந்திருக்கும் நீங்களும் கேளுங்கள். இருக்கிறது என்றால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், யாரும் கேட்க மாட்டார்கள். வேண்டுதலை உங்கள் காலால் நடந்து முடியுங்கள், மாட்டின் காலால் வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.