முனியப்பன் குதிரையில் என் செல்வி

எமர்ஜென்சி முடிந்த வருடம் என் மகள் செல்விக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. மூன்று வயதுக் குழந்தை. உயிர் தப்பியது, கால் தப்பவில்லை. இரண்டு காலும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொண்டன. "காலைப் பிரிச்சுப் பிரிச்சுப் பயிற்சி குடுங்கம்மா. விட்டுட்டா நடக்கவே மாட்டா" என்றார் சேலத்து டாக்டர். பாயில் கிடத்தி நான் தொட்டாலே வீறிட்டு அழுவாள். அவள் அழ, நான் அழ, ஒரு நாளும் பயிற்சி முடிந்ததில்லை.

ஆட்டையாம்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டத்தை ஒட்டி முனியப்பன் கோயில். போகும்போதும் வரும்போதும் சண்டை பிடிப்பேன். "உனக்குக் கண்ணிருக்குதா? எம்புள்ளைய நடக்க வெய்யி. இல்லாட்டி இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்பேன். மறுநாளும் போய் நிற்பேன். வேறெங்கே போவது?

அந்தக் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட குதிரை ஒன்று உண்டு. சாமி ஏறுகிற குதிரை; மனிதர் ஏறக்கூடாது. கோயிலில் பொங்கல் வைத்த ஒரு நாள், அழுதுகொண்டிருந்த செல்வி அதைப் பார்த்துக் கையை நீட்டினாள். அழுகை நின்றது. நான் யோசிக்கவே இல்லை. தூக்கி அதன் முதுகில் உட்கார வைத்துவிட்டேன்.

"ஏனுங்கக்கா, சாமி குதிரை மேல புள்ளைய ஏத்திப்போட்டீங்களே!" என்று கூட்டம் கத்தியது. எனக்கு எங்கே காதில் விழுந்தது! குதிரையின் உடம்புச் சூட்டில் என் மகளின் கால்கள் தாமாகப் பிரிந்து இரண்டு பக்கமும் தொங்கின. அவள் சிரித்தாள்.

பூசாரி மட்டும் நிதானமாக, "சத்தம் எதுக்குங்க? சாமிகிட்டயே பூக் கேட்டுப்போடலாம்" என்றார். சாமி தலையில் பூ வைத்துக் காத்திருப்பது எங்கள் வழக்கம். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். இடப்பக்கம் விழுந்தால் இல்லை. பூ அசையவே இல்லை. "எறக்குங்க, எறக்குங்க" என்று முணுமுணுப்பு கிளம்பியது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "முனியப்பா, நீ நின்ன எடத்துலயே நிக்கற. உனக்கெதுக்குக் குதிரை? எம்புள்ளைக்குக் குடு சாமி!" என்று அலறினேன். பூ வலப்பக்கம் விழுந்தது. மண்ணில் விழுந்து கும்பிட்டேன்.

அன்றிலிருந்து காலையில் நான் குதிரையைப் பிடித்து நடப்பேன். செல்வி மேலே இருப்பாள். டாக்டரிடம் பயந்துகொண்டேதான் சொன்னேன். அவரோ கோயிலுக்கே வந்து பார்த்தார். "குதிரை நடக்க நடக்க இடுப்பு தானாப் பழகுது. விடாதீங்கம்மா" என்று சொல்லி, குழந்தையை எங்கே பிடிப்பது, எப்போது நிறுத்துவது என்றெல்லாம் கற்றுக்கொடுத்தார். அடுத்த ஆடிக்குள் செல்வி குதிரையின் மேல் சாய்ந்து நின்றாள். பிறகு ஒரு கோலை ஊன்றிக் கோயிலையே சுற்றி வந்தாள்.

டாக்டர் கால் வராத மற்ற பிள்ளைகளையும் அனுப்பத் தொடங்கினார்; அவர்களிலும் பலர் எழுந்து நடந்தார்கள். களை வெட்டிக்கொண்டிருந்த நான் குதிரை வைத்தியக்காரி ஆனேன். பேரைக் கேட்டு நொண்டி மாட்டை ஓட்டி வந்தவர்களும் உண்டு!

போன மாதம் சங்ககிரியிலிருந்து ஒரு தாய் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். "எம்பையன் நடப்பானுங்களா?" என்று கேட்டு அழுதாள். நான் திரும்பி, "செல்வி, குதிரையக் கொண்டா சாமி" என்றேன். ஒரு கையில் கோலும் மறு கையில் கயிறுமாக, பெரியவளாகிவிட்ட என் மகள் குதிரைக்கு முன்னால் நடந்து வந்தாள். அந்தத் தாய் அவள் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சொந்தங்களே, உங்களுக்கும் தீராத குறை இருந்தால் சாமி முன்னால் போய் நில்லுங்கள். சண்டை வேண்டுமானாலும் போடுங்கள். போவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நான் ஒரு பிள்ளை நடக்கத்தான் கேட்டேன்.