முகம் தெரியாத வீட்டுத் தீட்டு

“...எழவு வூட்டுக்குப் போயிட்டு வந்தவ கால்ல தண்ணி ஊத்தாம உள்ள வருவாளா? ஒரு சொம்பு கொண்டாடா” என்று அக்கா, மலைக்குப் பக்கத்திலிருக்கும் வேங்கிக்கால் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் மூக்குக் குழாயோடு சேர்த்து ஆக்சிஜன் சிலிண்டரைப் பிடித்திருந்த மாமா, அவள் கணவர், என்னைப் பார்த்தார்.

நாங்கள் போய் வந்தது சென்னை ஆஸ்பத்திரிக்கு. அக்காவின் நுரையீரல் இரண்டும் தழும்பேறி இறுகிப்போய்விட்டன. இனி மருந்து கேட்காது, மூளைச்சாவு அடைந்த ஒருவருடைய நுரையீரலை எடுத்து வைத்தால்தான் உண்டு என்று சொல்லி, காத்திருப்போர் வரிசையில் அவளைச் சேர்த்திருந்தார் டாக்டர். போன் வந்தால் சில மணி நேரத்துக்குள் அங்கே இருக்க வேண்டும். அதனால் பௌர்ணமிதோறும், கிரிவலக் கூட்டம் ரோட்டை அடைப்பதற்கு முன்பே, மாமா அவளைச் சென்னை போகும் வழியில் செஞ்சிப் பக்கம் உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார். ஊரே மலையைப் பார்த்து வரும்போது எங்கள் கார் மட்டும் எதிர்ப்பக்கம் போகும்.

“எல்லாருக்கும் காத்து இனாமாக் கிடைக்குது. எனக்குத்தான் கரண்ட் பில்லோட வருது. இப்ப பெட்ரோலும் சேந்துக்கிச்சு” என்பாள் அக்கா, வீட்டில் கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷினைச் சொல்லி. காரில் சிரிப்போம். அவளும் சிரிப்பாள், அதற்கே இருமல் வந்துவிடும்.

இந்தப் பௌர்ணமிக்கு அந்த உறவுக்காரர் வீட்டில் இருந்தபோதுதான் போன் வந்தது. விழுந்தடித்துப் போனோம். ரத்தம் எடுத்தார்கள், ஆபரேஷன் உடுப்பு மாட்டினார்கள். பிறகு டாக்டர் வந்து, அந்த நுரையீரலில் கிருமி தொற்றியிருக்கிறது, வைக்க முடியாது என்றார். அப்படியே வேங்கிக்காலுக்குத் திரும்பினோம்.

“யாரு எழவும்மா? நாம யாரு மூஞ்சியையும் பாக்கலையே. உள்ள வா” என்றார் மாமா.

“பாக்கலன்னா?” அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். “யாராவது பொழைக்கட்டும்னு ஒரு வூட்ல அழுதுக்கினே கையெழுத்துப் போட்டிருக்காங்க. எனக்கு ஒதவலன்னா... அந்தச் சாவு நமக்கு இல்லன்னு ஆயிடுமா?”

நான் சொம்பு கொண்டுவந்தேன். தலைக்கு ஊற்றினால் அவளுக்கு மூச்சு தாங்காது. பாதத்தில் மட்டும் ஊற்றினேன். மாமா செருப்பைக் கழற்றிவிட்டுத் தம் காலையும் நீட்டினார்.

“அப்ப அடுத்த வாட்டி ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிட்டா வர மாட்டியா?” என்றார் அவர். “இப்பவே சொல்லிடும்மா. எனக்குப் பயமா இருக்குது.”

அக்கா ஈரக் காலோடு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிப் பையைக் கவிழ்த்து, கசங்கிய துணிகளை ஒதுக்கினாள். கொடியில் காய்ந்திருந்த நைட்டியை என்னிடம் கேட்டு வாங்கி, நிறுத்தி நிறுத்தி மடித்து, பைக்குள் வைத்தாள்.