மூன்று ஏழுகளும் ஒரு முரட்டு டேட்டாபேஸும்

போன வாரம் ஒரு தொழிற்சாலையின் கதவுகளை ஊருக்கே திறந்துவிட்டேன். போதையில் அல்ல. முழு நிதானத்தில், ஃபில்டர் காபி குடித்தபடி.

என் மனைவியின் தம்பி முரளி ஓசூரில் லேத் யூனிட் வைத்திருக்கிறான். காருக்குப் போகும் சின்னச் சின்ன உருப்படிகள். பெரிய ஆர்டர் ஒன்று வருகிற மாதிரி இருந்தது. ஒரே நிபந்தனை — ஒவ்வொரு உருப்படியின் அளவும் எக்செல்லில் அல்ல, சர்வரில், டேட்டாபேஸில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பெங்களூரிலிருந்து, ஆர்டர் தருகிறவர்களின் ஆடிட்டர் அதைச் சோதிக்க வருவார். டேட்டாபேஸ் ஓடாவிட்டால் ஆர்டர் எல்லை தாண்டி, பொம்மசந்திராவில் இருக்கும் வேறொரு யூனிட்டுக்கு ஓடிவிடும்.

இதில் நான் எங்கே வந்தேன்? ஒரு காதுகுத்து விருந்தில், இலையில் பாயசம் விழுந்த உற்சாகத்தில், “லினக்ஸா? சர்வரெல்லாம் ஓடறது அதுலதானே? நமக்குத் தண்ணி பட்ட பாடு” என்று சொல்லித் தொலைத்திருந்தேன்.

வெள்ளி காலை. கேட்டில் செக்யூரிட்டி பெரியசாமி என் போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டினார். “உள்ள இருக்கறது வெளிய போவக் கூடாதுங்களே சார்.” எனக்குக் கோபம். முதலாளியின் மாமாவுக்கே இந்த மரியாதையா?

உள்ளே சர்வருக்குச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் ஆகியிருந்தது.

“மாமா, பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள ஸ்டார்ட் ஆயிடணும்” என்றான் முரளி.

டேட்டாபேஸை ஏற்றுவது — நம்புங்கள் — சுலபம். ஒரு வரி அடித்தால் அதுவே இறக்கி, அதுவே ஏற்றிக்கொள்கிறது. நடுவில் ஏதாவது கேட்டால், சம்மதம் என்று ‘ஒய்’ தட்ட வேண்டும். பேங்க் லோன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற வேகத்தில் தட்டினேன்.

அதோடு நின்றிருக்கலாம். விதி விட்டதா? பெரிய டிஸ்க்கில் புது ஃபோல்டர் போட்டு, டேட்டாபேஸின் பெட்டி படுக்கையை அதற்குள் நகர்த்தினேன். ஸ்டார்ட் கொடுத்தால்... ‘பர்மிஷன் டினைட்’, அதாவது அனுமதி இல்லை. புது ஃபோல்டரின் வெளிக்கதவை என் பெயரில் பூட்டிவிட்டேன். டேட்டாபேஸால் உள்ளே இருக்கும் தன் அறைக்கே போக முடியவில்லை. இது இப்போது தெரிகிறது. அப்போது தெரிந்ததெல்லாம், இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்த வைத்தியம்தான்: உள்ளே வெளியே எல்லாவற்றுக்கும், எல்லாருக்கும், எல்லா அனுமதியும் கொடு. அதற்கான எண் — 777.

முரளியின் முகம் மலர்ந்தது. “மூணு ஏழா? கூட்டுனா மூணு. என் ராசி நம்பர் மாமா. கார் நம்பரே அதான். அடிங்க.”

அடித்தேன். கிளம்பவில்லை. என்னவோ நீளமாகச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. திரும்பத் திரும்ப எழுப்பினேன். ராகுகாலம் வந்துவிட்டது. முரளி எலுமிச்சம்பழத்தை மாற்றிவிட்டு, “பன்னெண்டு வரைக்கும் கை வெக்காதீங்க” என்றான்.

பன்னிரண்டுக்கு மேல் குவாலிட்டி இன்சார்ஜ் மஞ்சுளா வந்தார். பாகலூர்க்காரர். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் திட்டி, தெலுங்கில் முடிப்பவர்.

“சார், இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?”

“எரர் மெசேஜ்மா அது.”

“அதான் கேக்கறேன். படிச்சீங்களா?”

படிக்கவில்லை. ‘இந்தத் தலைமுறை எதையும் படிப்பதில்லை’ என்று இதே பக்கத்தில் எத்தனை வாரம் புலம்பியிருக்கிறேன்?

“ரூம எல்லாருக்கும் தொறந்து போட்டுட்டீங்களாம். இப்படி இருந்தா ‘நான் ஓட மாட்டேன்’ங்குது. அங்க பெரியசாமி போனுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கினு நிக்கறாரு. இங்க நீங்க காம்பவுண்டையே இடிச்சுட்டீங்க.”

“அப்ப மூணு ஏழு?” என்றான் முரளி, பரிதாபமாக.

“அய்யோ தேவுடா.”

யோசித்துப் பாருங்கள். அளவுக்கு மீறி அனுமதி கொடுத்தால் வேலை செய்ய மறுக்கிற ஒரு ஜீவனை நான் இப்போதுதான் பார்க்கிறேன். நாம் பார்த்தவர்களெல்லாம் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதானே வேலைக்கே சேர்கிறார்கள்?

வெளிக்கதவில் வழி மட்டும் விட்டு, உள்ளறைச் சாவியை டேட்டாபேஸிடமே கொடுத்தோம். சமர்த்தாகக் கிளம்பியது. மூன்று மணிக்கு ஆடிட்டர் வந்தார். முதல் கேள்வியே — “இந்த டேட்டாவ யார் யார் தொடலாம்?”

மஞ்சுளா என்னை ஒருமுறை பார்த்தார். “சம்பந்தப்பட்டவங்க மட்டும் சார்.”

ஆர்டர் முரளிக்குத்தான். பெருமையோடு கேட்டுக்கு வந்து, ஸ்டிக்கரை எடுக்கப் போனை நீட்டினேன். பெரியசாமி உரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கினார்.

“மஞ்சுளா மேடம் போன் பண்ணாங்க சார். அடுத்த தடவ நீங்க வந்தா கேமராவுக்கு வேணாமாம்... கைக்கு ஒட்டி அனுப்பச் சொன்னாங்க.”