நாளைக்கு வாம்மா

மந்தைவெளியில் தம்பி குடும்பத்தோடு இருந்த சண்முகவடிவு, ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்குப் பேராசிரியை. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். வகுப்பில் சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். முகம் வாடி வந்த பெண்ணைச் சாப்பிட்டாயா என்று கேட்காமல் விடமாட்டாள். அதனால்தான் 1994இல், வெளியூர்க் கல்லூரி விடுதியொன்றில் ஒரு மாணவி உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி வந்து எல்லோரும் கலங்கிப்போயிருந்த சமயத்தில், பிரின்சிபால் அவளைக் கூப்பிட்டு, “பொண்ணுங்க மனசு விட்டுப் பேச ஒரு ஆள் வேணும். உங்களை விட்டா யாரு?” என்றார்.

சண்முகவடிவுக்குப் பெருமையாக இருந்தது. அவளுக்கென்று ஒதுக்கிய அறை ஆபீசுக்கு நேர் எதிரே இருந்தது. அந்த வாசலில் கால் வைக்கிறவளைக் கல்லூரியே பார்க்கும் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. பல வாரம் ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் வந்தவள் ஏஞ்சல்.

ஏஞ்சல் நொச்சிக்குப்பத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா லூர்துமேரி தெருத்தெருவாக மீன் விற்கிறவள். போர்டில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுகிற பெண், இரண்டாம் வருஷம் பாதியிலிருந்து வாயே திறப்பதில்லை.

“மிஸ், காலைல எழுந்துக்கவே முடியல. புக்கைத் தொறந்தா ஒண்ணும் மண்டைல ஏறல. அழுகை அழுகையா வருது. ஏன்னே தெரியல.”

சண்முகவடிவு அன்பாகத்தான் பேசினாள். “உனக்கென்னடி குறைச்சல்? உங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச மொத ஆள் நீ. உங்கம்மா யாருக்காக வெயில்ல கூடை தூக்கறாங்க? அதை நினைச்சுக்கோ, தானா சரியாயிடும்.” நெடுநேரம் அவளே பேசினாள். ஏஞ்சல் “சரி மிஸ்” என்று எழுந்து போனாள். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு சண்முகவடிவு காப்பி குடிக்கப் போனாள்.

அடுத்த வாரம் ஏஞ்சல் மறுபடி வந்து வாசலில் நின்றாள். சண்முகவடிவு பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, “நாளைக்கு வாம்மா” என்றாள்.

ஏஞ்சல் அதற்குப் பிறகு வரவில்லை. வகுப்புக்கும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று சண்முகவடிவு இருந்துவிட்டாள். வருகை போதாதென்று கல்லூரி அவள் பெயரைப் பரீட்சைக்கு அனுப்பாமல் நிறுத்தியபோதுதான் மனசு குத்தி, குப்பத்துக்குப் போனாள்.

ஏஞ்சல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பவில்லை.

“இப்டியேதான் மிஸ் படுத்துக்கினு கீது,” என்றாள் லூர்துமேரி. “துன்றதும் இல்ல, பேசறதும் இல்ல. காத்து கருப்புன்றாங்கோ. வேளாங்கண்ணிக்குக் கூட இட்டுக்கினு போனோம்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “என் மேலதான் தப்பு மிஸ். உனக்காவத்தான் கூடை தூக்கறேன், உனக்காவத்தான் கூடை தூக்கறேன்னு தெனம் சொல்லிக்கினே இருந்தேன். அதுவே பாரமாப் பூட்ச்சோ இன்னாவோ.”

தாங்க முடியவில்லை என்று தேடி வந்த பெண்ணின் தலையில் அதே கூடையைத் தானும் ஏற்றி அனுப்பியிருக்கிறோம் என்று சண்முகவடிவுக்குப் புரிந்தது.

டாக்டரிடம் காட்டலாம் என்றாள். “எங்க, கீழ்ப்பாக்கமா? பைத்தியம்னு பேரு வச்சுருவாங்கோ மிஸ். அப்பால யாரு கட்டுவா?” என்று லூர்துமேரி பதறினாள். சண்முகவடிவு விடவில்லை. காலேஜ் முடிந்ததும் குப்பத்துக்குப் போவாள். ஏஞ்சல் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். ஒரு நாள் ஏஞ்சலே, “போலாம் மிஸ்” என்றாள்.

மனநல டாக்டர் நிதானமாகக் கேட்டுவிட்டு, “இதுவும் ஒரு நோய்தாம்மா, குணமாயிடும். கொஞ்சம் முன்னாடியே யார்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார். ஏஞ்சல் குனிந்துகொண்டாள். சண்முகவடிவு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மருந்தில் ஏஞ்சல் மெல்ல மெல்லத் தேறினாள். படிப்புதான் போனது. சண்முகவடிவு பிரின்சிபாலிடம் மன்றாடி மறுபடி சேர இடம் வாங்கினாள். ஏஞ்சல் மறுத்துவிட்டாள். “வேணாம் மிஸ். அந்த கேட்டைப் பார்த்தாலே திரும்பி ஓடிடலாம்னு தோணுது.”

பிறகு சண்முகவடிவு அறையை நூலகத்துக்குப் பின்பக்கம் மாற்றிக்கொண்டாள். சாயங்காலங்களில் ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போய், எதிராளி பேசும்போது வாயைக் கட்டிக்கொண்டிருப்பது எப்படி என்று கற்றுக்கொண்டாள். பெண்கள் வர ஆரம்பித்தார்கள். கதவு தட்டினால் கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிடுவாள். கல்லூரி அவளைப் புகழ்ந்தது. அந்தப் புகழ்ச்சி அவள் உடம்பில் ஒட்டவில்லை.

1998 தீபாவளிக்கு முன் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனபோது பில் போடுகிற இடத்தில் ஏஞ்சல் இருந்தாள். கழுத்தில் தாலி, முகத்தில் சிரிப்பு. எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று, பக்கத்திலிருந்த பெண்ணிடம், “எங்க மிஸ். இவங்க இல்லன்னா நான் இல்ல” என்றாள்.

சண்முகவடிவு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ‘நீ என்னைத் தேடித்தான் முதலில் வந்தாய், நான்தான் நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன்’ என்று சொல்ல நினைத்தாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். ஏஞ்சல் உட்கார்ந்து, அடுத்தவருடைய துணிகளுக்கு மனக்கணக்காகவே கூட்டி, பில்லைக் கிழித்துக் கொடுத்தாள்.

“கூட்டல் தப்பே வராது மிஸ் எனக்கு,” என்றாள்.

“தெரியும்மா,” என்றாள் சண்முகவடிவு.