கப்டனின் பெயர்

எங்கள் குடும்பப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் பெரிய பயனில்லை. கொழும்பில் எந்தத் தெருவில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அதில் இரண்டு பேர் சிங்களவராக இருப்பார்கள். அது போர்த்துக்கேயப் பெயர். அகராதியில் தேடினால் ஏதோ ஒரு பழமரம் என்று போட்டிருக்கிறது. நாங்கள் பிறந்து வளர்ந்த கொட்டாஞ்சேனையில் அந்த மரம் காய்த்து நான் கண்டதில்லை. வங்கியிலோ பொலிசிலோ பெயரைச் சொன்னவுடன் எதிரில் இருப்பவர் சிங்களத்தில் தொடங்கிவிடுவார். தமிழரைத் தேடி அடித்த கெட்ட காலத்தில் இந்தப் பெயரால் நான் தப்பிய நாட்களும் உண்டு. அதை மறைப்பானேன்.

அண்ணாவுக்கு அந்தப் பெயரில் அளவில்லாத பெருமை. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கல்கிசையில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறார். ஒரு போர்த்துக்கேயக் கப்டன் கப்பலில் வந்து இறங்கி, எங்கள் ஆட்களில் ஒரு பெண்ணைக் கட்டி, பெயரையும் ரத்தத்தையும் விட்டுப் போனார் என்பது அவருடைய கதை. அந்தக் கப்டனை யார் கண்டது என்று கேட்டால் அவருக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிடும். எங்கள் தங்கைக்குப் பூனைக்கண் என்றால் கப்டன். தனக்குப் பாணும் பட்டரும் இல்லாமல் விடியாது என்றால் அதுவும் கப்டன். பேரன் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள் என்று கேட்டபோது, மரத்தின் உச்சியில் ஒரு பாய்மரக் கப்பலை வரைந்து கொடுத்தவர் அவர். நான் ஒருகொடவத்தையில், சுங்கத்திலிருந்து சாமான் எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் கம்பனியில் முப்பது வருடமாகக் கப்பல் பத்திரங்களோடு மாரடிக்கிறேன். எனக்கு ஒரு கப்டனும் வாய்க்கவில்லை. கல்யாணமும் செய்யவில்லை.

ஆனால் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். கன்னியாஸ்திரிகள் நடத்திய ஓர் இல்லத்திலிருந்து பதினொரு மாதக் குழந்தையாக அவளைத் தத்தெடுத்தேன். எங்கள் குடும்பப் பெயர்தான் அவளுக்கும். இருபத்துமூன்று வருடமாக அதைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. அவளும் நானும் சண்டை பிடிப்பதைக் கேட்டவர்கள் யாரும் நாங்கள் தாயும் மகளும் அல்ல என்று நினைத்திருக்கவும் மாட்டார்கள்.

போன வருடம் தங்கை கனடாவிலிருந்து வந்தபோது மூன்று சின்னப் பெட்டிகள் கொண்டுவந்தாள். உள்ளே ஒரு குழாய். அதில் துப்பி மூடிக் கொடுத்தால், நம்முடைய ரத்தம் எந்தெந்த நாட்டிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்து அனுப்புவார்களாம். அண்ணாவின் ஏற்பாடு அது. ஞாயிறு பூசை முடிந்து என் வீட்டில் எல்லோரும் கூடினோம். துப்புவதற்கு முன் அரை மணித்தியாலம் எதுவும் சாப்பிடக்கூடாது, குடிக்கக்கூடாது. அண்ணா இஞ்சி போட்ட பிளேன்டீ குடித்துவிட்டு, குடிக்கவில்லை என்று சாதித்தார். தங்கை வாயை முகர்ந்து பார்த்துக் காத்திருக்க வைத்தாள். நல்ல பகிடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “மாமா, நானும் துப்பவோ?” என்று கேட்டாள்.

“உனக்கென்னத்துக்குப் பிள்ளை? இது ரத்தம் பாக்கிறது. உன்ட ரத்தம் வேறயெல்லோ” என்றார் அண்ணா.

குழாயின் மூடியைத் திருகிக்கொண்டே, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லும் குரலில் சொன்னார். பெட்டி மூன்றுதான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது தோன்றவில்லை. மகள் சிரித்துவிட்டு எழுந்து போய்க் கோப்பைகளை எடுத்து அடுக்கினாள். அலுவலகத்தில் சுங்க அதிகாரியோடு மேசையில் அடித்துச் சண்டை போடும் நான், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. சமையலறையில் சட்டியை நாலு தரம் படார் படாரென்று வைத்தேன், அவ்வளவுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

சில கிழமைகளில் முடிவு வந்தது. தென்னிந்தியா, இலங்கை, திரும்பவும் தென்னிந்தியா. ஐரோப்பா ஒரு சொட்டும் இல்லை. பூனைக்கண் தங்கைக்கும் இல்லை. அண்ணா முதலில் அது கள்ளக் கம்பனி என்றார். பிறகு எங்கேயோ வாசித்துவிட்டு, பத்துத் தலைமுறைக்கு முந்திய ஒரே ஒரு ஆளின் அடையாளம் இந்தச் சோதனையில் தெரியாமலே போகலாம் என்று வந்து நின்றார். அது உண்மைதானாம். அந்த இடுக்குக்குள் கப்டனை ஒளித்துவைத்துக்கொண்டு கொஞ்சக் காலம் நிம்மதியாக இருந்தார்.

இதற்கிடையில் மகளுக்குக் கல்யாணம் சரிவந்தது. அவளே பார்த்துக்கொண்ட பிள்ளை. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்பவர். அவரிடம் உங்கள் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டேன். “எங்களுக்கு அதெல்லாம் இல்லீங்க ஆன்ட்டி. அப்பா பேரு முன்னுக்கு வரும், அவ்வளவுதான். தாத்தாவுக்கு மேல யாருக்கும் பேரே தெரியாது” என்று சிரித்தார். எங்கள் பெயரின் பழமரம் அவருடைய ஊர்ப்பக்கம் காய்க்கிறது என்றும் சொன்னார். எனக்கு அவரை அந்த இடத்திலேயே பிடித்துப் போயிற்று.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை பெண் பெயரையும் பெற்றோர் பெயரையும் பாதர் வாசிப்பார். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்பார். அதற்கு ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு மகள் சொன்னாள்:

“அம்மா, வாசிக்கேக்க என்ட சொந்தப் பேர் மட்டும் போதும். குடும்பப் பேரை எழுதமாட்டன்.”

“ஏன்?”

“அது ரத்தம் இருக்கிற ஆக்கள்ட பேர்தானே.”

எட்டு மாதம் அவள் அதை உள்ளே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கத்தினேன். பிறகு கெஞ்சினேன். “நீங்க கோவிக்கக் கூடாது. உங்கள்ல எனக்கு ஒரு கோவமும் இல்ல” என்றாளே தவிர, மாற்றிச் சொல்லவில்லை. எனக்கு மண்டபமும் சாப்பாடும் சாரியும் மறந்துபோய், அந்த ஒரு வரிதான் முழுக் கல்யாணமாகிவிட்டது. ஊர் முழுக்க இருக்கும் கோயிலில், பாதர் அவளை வெறும் பெயரோடு நிறுத்தினால், இருபத்துமூன்று வருடம் நான் வளர்த்ததை யாரோ அழித்துவிட்டது போல இருக்கும். அதை அவளிடம் சொல்லவும் முடியவில்லை. என் மனம் குளிர்வதற்காக அவள் எழுதக் கூடாது, அவளுக்கு வேண்டும் என்று எழுத வேண்டும்.

சனிக்கிழமை அவளுடைய ஞானஸ்நானச் சான்றிதழை எடுக்கக் கோயில் அலுவலகத்துக்குப் போனேன். அண்ணாவும் வந்தார். பழைய பதிவேடுகளில் கப்டனைப் பிடித்துவிடலாம் என்று பாதரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தார். நீளக் கைச் சேர்ட் போட்டு, சப்பாத்து மினுக்கி, கப்டனே வந்து வரவேற்பார் என்பது போன்ற ஒரு தோரணை. அங்கே இருந்த கிளாக்கர் பொறுமைசாலி. இரும்பு அலுமாரியைத் திறந்து, அப்பாவின் பதிவிலிருந்து தாத்தா, அவருடைய அப்பா என்று பின்னால் பின்னால் போனார். ஒன்றரை மணித்தியாலம் தூசு தின்றோம். கடைசியில் ஒரு பக்கத்தில் நின்றார். தாத்தாவின் தாத்தாவுடைய ஞானஸ்நானப் பதிவு. அவருக்கு முன்னால் எங்கள் வழியில் ஒருவருடைய பதிவும் இல்லை.

கிளாக்கர் விரலை வைத்து வாசித்தார். வயது ஏறக்குறைய இருபது. அக்கரையிலிருந்து, அதாவது இந்தியாவிலிருந்து, வந்தவன். துறைமுகத்தில் கூலி. தகப்பன் அஞ்ஞானி, அதாவது கிறிஸ்தவரல்லாதவர். ஞானஸ்நானத்தில் பக்கத்தில் நின்ற ஞானத்தகப்பன் ஒரு படகுத் தண்டையல். அந்தப் படகோட்டித் தலைவருடைய பெயருக்குப் பின்னால்தான் எங்கள் குடும்பப் பெயர் இருந்தது.

“அந்தக் காலத்தில அப்பிடித்தான் சேர். புதுசா வேதத்தில சேருற ஆளுக்கு ஞானத்தகப்பன்ட பேரைத்தான் குடுக்கிறது. கொட்டாஞ்சேனையில கனபேருக்கு இப்பிடி வந்ததுதான்” என்றார் கிளாக்கர்.

“அப்ப இந்தத் தண்டையலுக்கு எங்கயிருந்து வந்தது?” அண்ணா விடவில்லை.

“அவருக்கும் ஒரு ஞானத்தகப்பன் இருந்திருப்பார்தானே சேர்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொள்கலனின் வெளியில் எழுதியிருக்கும் கப்பல் கம்பனியின் பெயரைப் பார்த்து உள்ளே இருக்கும் சாமானைச் சொல்ல முடியாது என்பது என் தொழிலில் முதல் நாள் படிக்கிற பாடம். எங்கள் வீட்டில் நாலு தலைமுறை அதைத்தான் செய்திருக்கிறது. அண்ணா சிரிக்கவில்லை. முகம் வாடிப்போயிருந்தது. அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, இன்னும் நல்லா வேண்டும் என்றும் இருந்தது.

பிறகு கிளாக்கர் மகளுடைய பதிவேட்டை எடுத்துச் சான்றிதழை எழுதத் தொடங்கினார். எழுதுகிறதை உரக்கச் சொல்வது அவர் பழக்கம். “ஞானத்தகப்பன்...” என்று சொல்லி, அண்ணாவின் பெயரை முழுதாக வாசித்தார். நிமிர்ந்து, “இது சேர்தானே?” என்றார்.

மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாள் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. கல்யாணமாகாதவள் பிள்ளை எடுத்திருக்கிறாள் என்று சொந்தக்காரர் ஒருவரும் வரவில்லை. அண்ணாவும் ஒரு மாதம் என்னோடு கதைக்காமல்தான் இருந்தார். ஆனால் அன்று காலை மெழுகுதிரியும் வெள்ளைச் சட்டையும் வாங்கிக்கொண்டு ரயிலேறி வந்து, ஞானத்தகப்பனுக்குரிய இடத்தில் நின்றார். பிள்ளை அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தது. அவர் குனிந்து எடுத்துப் போட்டுக்கொண்டு அதே இடத்தில் நின்றார். இந்த மனிதரை முழுக்க வெறுக்க முடியாமல் போனதற்கு அந்த ஒரு நாள் போதும்.

அண்ணா மேசையில் திறந்து கிடந்த இரண்டு பதிவேடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியில் வந்ததும், “பிள்ளை வீட்டிலயோ?” என்று மட்டும் கேட்டார்.

மகள் முன் அறையில் அழைப்பிதழ்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணா உட்காரவில்லை. நின்றபடியே, கோயிலில் பார்த்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். தண்டையலையும் சொன்னார். பிறகு,

“அண்டைக்கு நான் உன்ட ரத்தம் வேறயெண்டு சொன்னனான். வேறதான். எனக்கும் வேறதான். என்னோட சொந்தமில்லாத ஒருத்தன் எங்கட ஆளுக்குப் பக்கத்தில நிண்டு பேரைக் குடுத்திருக்கிறான். உனக்குப் பக்கத்தில நான் நிண்டனான். அதை மறந்துபோட்டுக் கதைச்சிட்டன். பிழை என்னிலதான் பிள்ளை” என்றார்.

என் அண்ணா ‘பிழை’ என்ற சொல்லைத் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மகள் தலையாட்டினாள். “இருங்க மாமா, தேத்தண்ணி போடுறன்” என்றாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. படிவத்தில் என்ன எழுதப் போகிறாய் என்று கேட்க என் நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

மறுநாள் பூசைக்கு அண்ணா கல்கிசையிலிருந்து நேரத்தோடு வந்து எங்களோடு இருந்தார். பாதர் தாளை எடுத்தபோது முன் ஆசனத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் பெயரும் அவருடைய அப்பா அம்மா பெயரும் முதலில் வந்தன. அடுத்தது மகளின் பெயர். பாதர் நிறுத்தாமல் குடும்பப் பெயரையும் சேர்த்து வாசித்தார். இன்னாரின் மகள் என்று என் பெயரை வாசித்தபோது அதே குடும்பப் பெயர் இன்னொரு தடவை வந்தது. நான் அழுதேன்.

வெளியில் வந்ததும் மகளின் கையைப் பிடித்தேன். “மாமா வந்து சொன்னது நல்லதாப் போச்சு. இல்லாட்டி நீ எழுதியிருக்க மாட்டாய்” என்றேன்.

“நான் படிவத்தை வெள்ளிக்கிழமையே பாதரிட்டக் குடுத்திட்டன் அம்மா.”

எனக்கு விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை நாங்கள் பதிவேட்டைப் பார்த்திருக்கவே இல்லை.

“அப்ப நேற்று மாமா வந்து நிண்டு சொல்லேக்க, படிவம் குடுத்தாச்செண்டு ஏன் சொல்லேல்ல?”

“எட்டு மாசம் காத்திருந்தனான். அவர் முழுக்கச் சொல்லி முடிக்கட்டும் எண்டுதான்.”

“குடும்பப் பேரை எழுதமாட்டன் எண்டு சொன்னியே?”

“சொன்னனான்தான். பிறகு பேனையை எடுத்து எழுதேக்க, அம்மாட பேர் எண்ட இடத்தில உங்கட முழுப் பேரையும் எழுதினன். அதுக்குப் பிறகு என்ட பேரை வேற மாதிரி எழுத எனக்குக் கை வரேல்ல.”